விழாவும் தூரிகையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விழா என்றால் வாழ்த்து வேண்டும்; வாழ்த்து என்றால் கவிஞர் வேண்டும். மணவிழாவோ, மணிவிழாவோ, நூல் வெளியீடோ, ஆண்டு நிறைவோ, எதுவாயினும் கவிஞர் வீட்டுக் கதவை யாரேனும் வந்து தட்டுகிறார்கள். 'நாலு வரி' கேட்கிறார்கள். கேட்டவர் மனம் கோணாமலும் எழுதியவர் நெஞ்சு கூசாமலும் அந்த நாலு வரியை எழுதி முடிப்பது எத்துணைக் கடினம் என்பதை இந்த அவையில் அமர்ந்திருப்போர் பலரும் அறிவர். விழா முடிந்து, பந்தல் பிரிக்கப்பட்டு, மாலைகள் வாடிய பின்பு அந்த வரிகளுக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வி சொல்லைக் கையாள்வோர்க்கு மட்டும் உரியதன்று. வண்ணத்தைக் கையாள்வோர்க்கும் உரியதே. இந்தக் கேள்விக்கு ஓர் ஓவியர் தம் தூரிகையால் அளித்த விடையைக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

ஓவியரின் பெயர் லூயி ஹாக். ஓவியம், 1851 மே 1 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் விக்டோரியா அரசியார் மாபெரும் கண்காட்சியைத் திறந்து வைத்த காட்சி. நீர்வண்ணத்தில் தீட்டப்பெற்ற இப்படம் இன்று பிரித்தானிய அரச குடும்பத்தின் கலைத் தொகுப்பில் உள்ளது.

ஹாக் இங்கிலாந்தில் பிறந்தவர் அல்லர். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள தூர்நே நகரில் 1806இல் பிறந்தார். பிறவியிலேயே அவருடைய வலக்கை ஊனமுற்றிருந்தது. எனவே வரைந்ததெல்லாம் இடக்கையால். இளமையில் லண்டனுக்கு வந்து, வில்லியம் டே என்பவரோடு சேர்ந்து கல்லச்சுத் தொழிலில் ஈடுபட்டார். பிறர் தீட்டிய ஓவியங்களைக் கல்லின் மேல் மீண்டும் வரைந்து அச்சுக்குக் கொடுப்பது அத்தொழில். டேவிட் ராபர்ட்ஸ் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் வரைந்து வந்த ஓவியங்கள் 1840களில் பெருந்தொகுதிகளாக வெளிவந்து புகழ்பெற்றபோது, அந்தப் புகழுக்குப் பின்னால் உழைத்தது ஹாக்கின் இடக்கை. பிறர் கண்ட காட்சிக்குப் பல்லாண்டு கையைக் கடனாகக் கொடுத்தவர், தாமே கண்ட காட்சியைத் தாமே தீட்ட வேண்டும் என்ற வேட்கையால் 1850களின் தொடக்கத்தில் அச்சுத் தொழிலை விட்டு நீர்வண்ணத்துக்கு முழுமையாக வந்தார். திறப்பு விழா ஓவியம் அந்தத் திருப்பத்தில் பிறந்தது. பின்னாளில் நீர்வண்ண ஓவியர்களின் புதிய சங்கத்துக்குத் தலைவராகவும் விளங்கினார்.

இனி அந்த விழாவின் களத்தைக் காணலாம். உலக நாடுகளின் கைத்தொழிற் பொருள்களை ஒரே கூரையின் கீழ் வைத்துக் காட்டுவது என்ற எண்ணத்தை முன்னின்று நடத்தியவர் அரசியாரின் கணவர் ஆல்பர்ட் இளவரசர். கட்டடத்தை வகுத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். அவர் தோட்டக்கலையில் வளர்ந்தவர், செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிப் பழகியவர். இரும்பும் மரமும் கண்ணாடியும் கொண்டு, ஓராண்டுக்கும் குறைந்த காலத்தில் அந்த மாளிகை எழுந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் தகடுகள் அதில் பொருத்தப்பட்டன. ஆண்டின் எண்ணோடு ஒத்துப்போகட்டும் என்று அதன் நீளத்தை 1,851 அடி என எழுதியோர் உண்டு. உண்மையில் அது 1,848 அடி. எஞ்சிய மூன்று அடியும் விழா மயக்கத்தில் விளைந்தவை. வாழ்த்துப் பா எழுதுவோர் அனைவரும் நினைவில் வைக்கத்தக்க மூன்று அடிகள் அவை.

அந்த இடத்தில் வளர்ந்து நின்ற பெரிய எல்ம் மரங்களை வெட்டலாகாது என்று பாராளுமன்றத்திலும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்தது. பாக்ஸ்டன் மரத்தை வெட்டவில்லை, கூரையை வளைத்தார். கட்டடத்தின் நடுவே 108 அடி உயரத்தில் வளைவான கண்ணாடிக் கூரை கொண்ட குறுக்குக்கூடம் ஒன்றை அமைத்து, மரங்களை உள்ளேயே நிற்க விட்டார். கிளை விரித்த மரம் ஒன்று வீட்டுக்குள் நின்று வெயில் காயும் அதிசயத்தை லண்டன் மாநகரம் கண்டது. அரசியாருக்கு மேடை அமைந்ததும் அந்தக் குறுக்குக்கூடத்திலேதான். வழிவிட மறுத்த மரத்துக்காக எழுப்பிய கூரையின் கீழ் அரசியார் வந்து நின்றார் என்பது இந்த விழாவின் முதல் அழகு.

விழாவுக்கு முன் ஒரு பூசல் நடந்தது. திறப்பு நாளில் பெருங்கூட்டத்தை உள்ளே விட அதிகாரிகள் அஞ்சினர். மூன்றாண்டுகளுக்கு முன், 1848இல், ஐரோப்பாவின் தலைநகர்கள் பலவற்றில் கிளர்ச்சிகள் மூண்டிருந்தன. அந்த நினைவு ஆறவில்லை. எனவே அரசியார் ஒரு சிறு குழுவினர் முன்னிலையில் மட்டும் கண்காட்சியைத் திறந்து வைப்பது என்று முதலில் எண்ணப்பட்டது. செய்தித்தாள்கள் சினந்தன. மக்களுக்கு அஞ்சி மறைவில் நடத்துவது அரசுக்குப் பெருமையாகுமா என்று கேட்டன. முடிவு மாறியது. பருவச்சீட்டு வாங்கியோர் அனைவரும் உள்ளே வரலாம் என அறிவிக்கப்பட்டது. ஆண்களுக்கு மூன்று கினி, பெண்களுக்கு இரண்டு கினி என்ற கட்டணம் எளியோர்க்கு எட்டாததுதான். ஆயினும் அன்று ஏறத்தாழ 25,000 பேர் கூரையின் கீழ் கூடினர். வெளியே பூங்காவில் நின்றோர் அதனினும் பன்மடங்கு. கத்தி உருவப்படவில்லை, கல் வீசப்படவில்லை. அரசர்க்கும் கூட்டத்துக்கும் இடையே இருந்த அச்சம் ஒரு நண்பகல் பொழுதுக்காவது விலகி நின்றது. ஹாக் தீட்ட வேண்டியிருந்தது, பொது விழாவாக இருக்க விரும்பாமல் பொது விழாவாகிவிட்ட அந்த விழாவை.

அன்றைய நிகழ்ச்சிகளை அரசியாரே தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதி வைத்துள்ளார். புறப்படும்போது சிறு தூறல். மாளிகையை நெருங்கும்போது வெயில் எழுந்து கண்ணாடியின் மேல் ஒளிர்ந்தது. ஆல்பர்ட் ஒரு கையில் மகளைப் பிடித்து அரசியாரை அழைத்து வர, ஒன்பது வயது மகன் தாயின் கையைப் பற்றி நடந்தான். இளவரசர் அறிக்கை படித்தார், அரசியார் மறுமொழி கூறினார், காண்டர்பரிப் பேராயர் இறைவேண்டல் செய்தார், ஹாண்டலின் 'அல்லேலூயா' பாடல் முழங்கியது, ஊர்வலம் கட்டடத்தைச் சுற்றி வந்தது, கண்காட்சி திறக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது, எக்காளம் ஊதினர், வெளியே பீரங்கி முழங்கியது. ஊர்வலத்தில் வெலிங்டன் பிரபுவும் ஆங்கிள்சி பிரபுவும் கைகோத்து நடந்தனர். வாட்டர்லூப் போரில் வென்றவர் ஒருவர். அதே போரில் கால் இழந்தவர் மற்றவர். முதுமையில் இருவரும் ஒருவரை ஒருவர் தாங்கி நடந்த காட்சி அரசியாரின் மனத்தைத் தொட்டது.

அந்த நாட்குறிப்பில் போகிற போக்கில் எழுதப்பட்ட ஒரு சிறு குறிப்பு உண்டு. மேடையில், பளிங்கு நீரூற்றை நோக்கித் தமக்கு ஆசனம் இடப்பட்டிருந்ததைச் சொல்லும் இடத்தில், அதில் தாம் அமரவில்லை என்கிறார் அரசியார். ஆசனம் இருந்தது, அமர்ந்தாரில்லை. விழா முழுவதும் நின்றார். நீரூற்றோ பர்மிங்காம் நகரத்து ஆஸ்லர் நிறுவனத்தார் செய்தது. 27 அடி உயரம், நான்கு டன் கண்ணாடி. தம்மினும் பன்மடங்கு உயர்ந்த கண்ணாடிப் பொருளின் எதிரே, தம்மினும் பன்மடங்கு உயர்ந்த மரத்தின் அருகே, அமராத ஆசனத்தின் முன்னே ஓர் அரசி நிற்கிறார். இந்த அளவு வேறுபாட்டை உள்ளபடி உணர்ந்தவரே இந்த விழாவைத் தீட்ட இயலும்.

அதே நாளைப் பொருளாகக் கொண்ட வேறு இரண்டு ஓவியங்களோடு வைத்துப் பார்த்தால் ஹாக்கின் சிறப்பு விளங்கும். இரண்டுமே எண்ணெய் வண்ணத்தில் அமைந்தவை.

முதலாவது, அரசவையின் விருப்பத்துக்குரிய ஓவியர் விண்டர்ஹால்ட்டர் தீட்டிய 'மே முதல் நாள்'. 1851 மே 1 வெலிங்டனின் 82ஆம் பிறந்தநாள். அவர் பெயரைத் தாங்கிய குழந்தை இளவரசர் ஆர்தரின் முதற் பிறந்தநாள். முதிய பிரபு குழந்தைக்குப் பேழை ஒன்றை நீட்டுகிறார். தாய் குழந்தையை ஏந்தியிருக்கிறார். ஏசுவின் பிறப்பைக் கண்டு பரிசளித்த ஞானியரின் காட்சியை நினைவூட்டும் அமைப்பு. பளிங்கு மாளிகை எங்கோ தொலைவில், மேகத்தோடு மேகமாகத் தெரிகிறது. அதில் கூட்டம் இல்லை, மக்கள் இல்லை. பொது நாள் குடும்ப நாளாகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது, ஹென்றி கோர்ட்னி செலூஸ் தீட்டியது. இதில் மேடை உண்டு. பெருமக்கள் அனைவரும் முகம் தெரிய நிற்கிறார்கள். யார் எவர் என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய ஓவியம். அந்தப் பெருமக்களிடையே பட்டாடை அணிந்த சீனர் ஒருவரும் நிற்கிறார். அவர் பெயர் ஹீ சிங். சீன அரசு இந்தக் கண்காட்சிக்குத் தூதர் எவரையும் அனுப்பவில்லை. ஹாங்காங்கிலிருந்து 1848இல் லண்டனுக்கு வந்து, தேம்ஸ் ஆற்றில் கட்டணம் பெற்றுக் காட்டப்பட்டு வந்த 'கீயிங்' என்னும் சீனக் கப்பலைச் சேர்ந்தவர் அவர். 'அல்லேலூயா' பாடல் ஒலித்துக்கொண்டிருந்தபோது அவர் முன்னே வந்து அரசியாரை வணங்கினார். யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சீனப் பேரரசரின் தூதராகத்தான் இருக்க வேண்டும் என்று கருதி ஊர்வலத்தில் மதிப்புக்குரிய இடம் அளித்தனர். செலூஸும் தம் ஓவியத்தில் அவருக்கு இடம் அளித்தார். பெயர்ப்பட்டியலை நம்பி வரையப்பட்ட ஓவியத்தில் பட்டியலில் இல்லாத ஒருவரே இன்று பார்ப்போரின் நெஞ்சில் முதலில் பதிகிறார். விழாவின் ஒழுங்கை மீறி நுழைந்தவரே விழாவுக்கு உயிர் தந்தார் என்றால் மிகையாகாது.

ஹாக்கின் நீர்வண்ணம் இவ்விரண்டுக்கும் வேறான வழியைத் தேர்ந்தது. அது குடும்பச் சித்திரமும் அன்று, முகவரிசையும் அன்று. அவர் எடுத்துக்கொண்ட பொருள் இடம். கூரையின் உயரமும் மரத்தின் விரிவும் மாடங்களில் நெருங்கிய கூட்டமும் ஒருங்கே தாளில் அடங்க வேண்டுமென்றால் மனித உருவம் சிறுக்கத்தான் வேண்டும். அரசியாருக்கும் அந்த விதியிலிருந்து விலக்கு இல்லை. அவர் நடுவில் இருக்கிறார், ஆனால் பெரிதாக இல்லை. பார்ப்பவர் கண் அவரைத் தேடிச் சென்று அடைய வேண்டும்; செல்லும் வழியெல்லாம் மக்களைக் கடந்தே செல்ல வேண்டும். அரசவைக்காக வரைந்த ஓவியர், அரசியாரைச் சிறிதாக்கியும் அரசியாரின் மதிப்பைக் குறைக்கவில்லை. 25,000 பேர் நடுவே அஞ்சாமல் நின்றார் என்பதுதான் அன்று அவருக்கு உண்மையான பெருமை. அந்தப் பெருமையைக் காட்ட 25,000 பேரையும் காட்டியாக வேண்டும்.

தமிழில் உலா இலக்கியம் பயின்றவர்க்கு இது புதிதன்று. ஒட்டக்கூத்தரின் மூவருலா சோழ மன்னர் மூவர் பவனி வந்ததைப் பாடுவது. ஆயினும் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகத் தெருவில் நின்று பார்த்தோரைப் பாடும் பகுதியே நூலில் விரிந்து நிற்கிறது. பவனி வருபவரைக் காண்பவரின் கண் வழியாகக் காட்டுவது என்ற உத்தி அது. புலவர்க்கும் ஓவியர்க்கும் இடையே காலமும் கடலும் கிடக்கின்றன. ஒருவரை மற்றவர் அறிந்திருக்க வழியில்லை. விழாவைப் பாட வந்த கலைஞர் பார்வையாளரிடம் திரும்பினால்தான் பாட்டுக்குப் பொருள் கிடைக்கும் என்ற அறிவு இருவர்க்கும் பொதுவாக இருந்தது.

ஓவியத்தில் இல்லாதவற்றையும் சொல்லியாக வேண்டும். எண்பது தொழிலாளர் ஒரே வாரத்தில் 18,000க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளைக் கூரையில் பொருத்தினர்; திறப்பு விழாவில் அவர்களுக்கு மேடை இல்லை. கண்காட்சியில் இந்தியப் பொருள்களுக்குச் சிறந்த இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. திருவிதாங்கூர் மன்னர் அனுப்பிய தந்த அரியணை அங்கே இருந்தது. 1851 அக்டோபரில் நடந்த நிறைவு விழாவில் ஆல்பர்ட் இளவரசர் அதில் அமர்ந்தார். பின்பு 1876இல் இந்தியப் பேரரசி என்ற பட்டம் ஏற்ற ஆண்டில் விக்டோரியா அதே அரியணையில் அமர்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டார். திறப்பு நாளில் ஆசனம் இருந்தும் அமராதவர், கால் நூற்றாண்டு கழித்து அமர்ந்த ஆசனம் அது. 1849இல் பஞ்சாபைக் கைப்பற்றியபோது சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து பெற்ற கோஹினூர் வைரமும் கூண்டுக்குள் வைத்துக் காட்டப்பட்டது. எதிர்பார்த்த ஒளி அதில் இல்லை என்று பார்த்தோர் முணுமுணுத்தனர். மறு ஆண்டே அதை அறுத்துச் சிறிதாக்கினர். வங்காளத்து நவாபின் அம்பாரியை ஏற்றிக் காட்ட இந்திய யானை கிடைக்கவில்லை. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து அருங்காட்சியகத்திலிருந்து பாடம் செய்த ஆப்பிரிக்க யானை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினர். உலக சமாதானத்தின் திருநாள் என்று போற்றப்பட்ட நாளின் பின்புறம் இப்படி இருந்தது. மூன்றாண்டுக்குள், 1854இல், அதே அரசு கிரிமியப் போரில் இறங்கியது.

இவற்றை ஹாக் தம் திறப்பு விழாப் படத்தில் தீட்டவில்லை. அது அவர் ஏற்ற பணியும் அன்று. ஆனால் பொய்யையும் அவர் தீட்டவில்லை. விழாக் கலைஞரிடம் எதிர்பார்க்கத்தக்க அறம் இதுவே எனலாம். எல்லாவற்றையும் சொல்ல இயலாத இடத்தில் சொல்வதையாவது அளவு தவறாமல் சொல்லுதல்; மூன்று அடியைக் கூட்டாதிருத்தல்.

அவர் தேர்ந்த நீர்வண்ணமும் இந்த அறத்துக்குத் துணை நின்றது. எண்ணெய் வண்ணம் மேலும் மேலும் பூசித் திருத்த இடம் தருவது. நீர்வண்ணமோ அவ்வாறு அன்று. நீர் காயுமுன் கை முடிவு செய்ய வேண்டும். ஒளி வேண்டிய இடத்தில் வண்ணம் பூசாமல் தாளை வெறுமையாக விடுவதே அதன் பழைய மரபு. 1834இல் துத்தநாகத்தால் ஆன புதிய வெள்ளை வண்ணம் விற்பனைக்கு வந்த பிறகு ஓவியர்கள் அதையும் கலந்து கையாண்டனர். எனினும் ஒளியைத் தாளிடமிருந்தே பெறுதல் நீர்வண்ணத்தின் உயிர்நிலையாகவே நின்றது. கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் மே மாதத்து வெயிலைக் காட்ட இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. அக்காலப் புகைப்படக் கருவி அசையும் ஊர்வலத்தைப் பிடிக்கும் வேகம் பெற்றிருக்கவில்லை. ஆகவே அந்த நாளின் ஒளிக்குச் சாட்சி சொல்லும் பொறுப்பு நீரையும் தாளையும் சேர்ந்தது.

விக்டோரியாவும் நீர்வண்ணம் பயின்றவர். எட்வர்ட் லியர் 1846இல் அவருக்குப் பாடம் சொன்னார். வில்லியம் லீச் பல்லாண்டு கற்பித்தார். தாம் கண்ட இடங்களையும் விழாக்களையும் நீர்வண்ணத்தில் தீட்டுவித்து, மாலை வேளைகளில் கணவரோடு அமர்ந்து அந்தப் படங்களைத் தொகுப்பேடுகளில் அடுக்குவது அவருக்கு உவப்பான பொழுதுபோக்கு. விழாவின் பெரும் ஆரவாரம் இறுதியில் இரண்டு பேர் விளக்கொளியில் புரட்டிப் பார்க்கும் ஏட்டுக்குள் வந்து தங்கியது. 1861 டிசம்பரில் ஆல்பர்ட் மறைந்த பின், அந்த ஏடுகளைப் புரட்டும் கை ஒன்றாயிற்று.

கண்காட்சி ஐந்தரை மாதம் நடந்தது. மே 26 முதல் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் எளியோரும் வந்தனர்; 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. ஹாக், ஜோசப் நாஷ், டேவிட் ராபர்ட்ஸ் ஆகிய மூவர் ஆல்பர்ட்டுக்காகத் தீட்டிய கண்காட்சி ஓவியங்கள் வண்ணக் கல்லச்சில் 1854இல் நூலாக வெளிவந்து பலருடைய கைக்கும் சென்றன. பளிங்கு மாளிகை பிரிக்கப்பட்டு, சிடன்ஹாம் குன்றில் மீண்டும் கட்டப்பட்டு, 1936 நவம்பர் 30 இரவு தீக்கிரையானது. இரும்பும் கண்ணாடியும் எரிந்து உருகிய பின்னரும் தாள் எஞ்சியது.

எஞ்சியதற்கும் ஒரு விலை உண்டு. நீர்வண்ணம் வெயில் பட்டால் வெளிறும். 1888இல் ரஸ்ஸலும் ஆப்னியும் பலவகை வண்ணங்களை ஒளியில் வைத்து ஆராய்ந்து அரசுக்கு அளித்த அறிக்கை இதை ஐயமற நிறுவியது. ஆகவே இத்தகைய ஓவியங்களை இருண்ட பெட்டகத்தில் வைத்து, எப்போதாவது மட்டும் மங்கிய விளக்கின் கீழ் வெளியே எடுத்துக் காட்டுகிறார்கள். வெளிச்சத்துக்காகவே கட்டப்பட்ட மாளிகை வெளிச்சத்தில் நின்று அழிந்தது. அதன் வெளிச்சத்தை ஏந்திய தாள் இருட்டில் இருந்து வாழ்கிறது.

கவிஞர் பெருமக்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. பத்தாண்டு நிறைவை வாழ்த்தி இந்த மலரில் பலர் பாடியிருப்பர். வட்டத்தை வளர்த்தோரைப் போற்றியிருப்பர். போற்றுதல் குற்றம் அன்று. போற்றுபவர் மேடையை மட்டும் பார்த்தால் பாட்டு மேடையோடு பிரிக்கப்பட்டுவிடும். மாதந்தோறும் பாய் விரித்தவரையும், தேநீர் கொணர்ந்தவரையும், கடைசி வரிசையில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுச் சென்றவரையும், அழையாமல் வந்து வணங்கி நின்ற அயலவரையும், வழிவிட மறுத்து நின்ற மரத்தையும் பாட்டுக்குள் அழைத்துக்கொண்டால், விழா நாயகர் சற்றுச் சிறுத்துத் தோன்றுவார். அதனால் அவர்க்கு இழுக்கு ஒன்றும் இல்லை.

வட்டம் வளர்க. வட்டத்தின் கவிதைகள் இருட்டிலும் நிறம் மாறாதிருக்க.